காயக்கூடாத பூச்சு

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. ஸ்பீக்கர் செய்கிற இடத்தில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர் வைப்பதற்குப் பெரிய கற்பனை ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது. காலையில் உள்ளே கால் வைக்கும்போது ஆரம்பிப்பாள், சாயங்காலம் செருப்பை மாட்டும்போதுதான் ஓய்வாள். நடுவில் விளம்பர இடைவேளைகூடக் கிடையாது. வயதில் சின்னவர்கள் ரேடியோ அக்கா என்பார்கள். பெரியவர்கள் அக்காவை வெட்டிவிட்டு வெறும் ரேடியோ என்பார்கள். அவள் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

கடைகளின் முதுகுப்புறம் ஒட்டிக் கட்டிய நீளமான கொட்டகை அந்தப் பட்டறை. முன்பக்கம் மரப்பெட்டிகள் அறுத்து, இழைத்து, பாலிஷ் போடுவார்கள். நடுவில் ஸ்பீக்கர்களைப் பூட்டுவார்கள். கடைசியில் இரண்டு அறைகள். ஒன்று சோதனை அறை. சுவர் முழுக்கப் பஞ்சுமெத்தை ஒட்டிய அந்த அறையில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கேட்டுப் பார்க்கும் மெலிந்த மனிதருக்குக் காது என்று பெயர். மற்றது பூச்சு அறை. வாசனைக்குப் பயந்து எப்போதும் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் அந்த அறைதான் ரேடியோவின் ராஜ்ஜியம். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பது காதின் தலைவிதி.

ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் காந்தம் என்பார்கள். ரேடியோ அக்காவைக் கேட்டால் காகிதம் என்பாள். "காந்தம் குண்டுக்கல் மாதிரி உக்காந்திருக்கும். ஆடிப் பாடுறதெல்லாம் தாளுதான்" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை. கூழாக அரைத்த காகிதத்தைக் கொஞ்சம் கம்பளி இழையோடு கலந்து, புனல் மாதிரி வார்த்து, கறுப்புச் சாயம் ஏற்றியதுதான் கோன். அது விறைப்பாகவும் இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும். கனத்துப் போனால் சோம்பேறியாகிவிடும், துவண்டு போனால் உளறும். மனுஷர்களைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறதா? அவள் அப்படித்தான் சொல்வாள்.

இந்தக் கோன் இரும்புச் சட்டத்துக்குள் தொங்க வேண்டுமானால் அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். நுரையில் விளிம்பு வைக்கலாம். கொஞ்ச காலம் சொகுசாக ஆடும், அப்புறம் ஒருநாள் தொட்டால் மாவாக உதிரும். ரப்பரில் வைக்கலாம், நன்றாக உழைக்கும். பெரிய மண்டபங்களில் அதிரப்போகிற பெரிய ஸ்பீக்கர் என்றால், மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. துணியில் ஒரே சிக்கல், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். காற்று அது வழியாக ஓடிவிடும், சத்தத்தின் வயிறு ஒட்டிப்போகும். அதனால் துணிமேல் ஒரு பிசுபிசுப்பான பூச்சைத் தடவுவார்கள். ஓட்டையும் அடைபடும், துணி வேண்டாத இடத்தில் தானாகத் துடிப்பதும் அடங்கும்.

ஆக அவள் மேஜையில் இரண்டு டின்கள். கோனின் முகத்துக்குப் பூசும் வார்னிஷ் காய வேண்டும், காய்ந்து ஈரத்தைத் தடுக்க வேண்டும். துணி விளிம்புக்குப் பூசுவது காயவே கூடாது. எத்தனை வருஷம் கழித்து விரல் வைத்தாலும் ஒட்ட வேண்டும், அப்போதுதான் விளிம்பு வளைந்து கொடுக்கும். மாறிப்போகக் கூடாதே என்று அவளே சுண்ணாம்பு எழுத்தில் ஒன்றில் ‘காயுறது’ என்றும் மற்றதில் ‘காயாதது’ என்றும் எழுதி வைத்திருந்தாள். இதனால் அந்த அறையின் பாஷையே தலைகீழ். வெளியே யாராவது "இன்னும் காயலை" என்றால் அது குறை. உள்ளே அதுதான் பாராட்டு. ஒரு விளிம்பைத் தொட்டுப் பார்த்து, விரல் ஒட்டினால், "அக்கா, காயவே இல்லை!" என்று சிரிப்பார்கள். அவளுக்கும் பெருமை தாங்காது.

இவ்வளவு பேசுகிறவளுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை என்பதுதான் அவள் கதை.

கணவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். கல்யாணமான புதிதில் வேலை கிடைத்தது எங்கோ ஒரு தூரத்து ஊரின் பெரிய தொழிற்சாலையில். கொஞ்ச நாள் என்று போனார். கொஞ்ச நாள் என்பது ரப்பரைப் போல இழுத்தால் நீளும் சமாசாரம். ஒரே மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போயும் விட்டாள். அவர் விடுமுறைக்கு வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தார். தினமும் போனில் பேசினார்கள். "சாப்டியா?" "ம். நீங்க?" "ம்." "மழையா அங்க?" "இல்லை." "சரி, வெச்சிடறேன்." "சரி." இவ்வளவுதான். பகல் முழுக்க ஊர் உலகத்தைக் கூட்டி வைத்துப் பேசுகிறவளுக்கு, அந்தக் கருவியைக் காதில் வைத்ததும் வாயில் பூட்டு விழுந்துவிடும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது, வந்துவிடுங்க என்று. அதைச் சொல்லிவிட்டு அவர் வராமல் இருந்தால் என்ன செய்வது? அதனால் "சரி" என்றே சொல்லி வந்தாள்.

பட்டறையில் பெட்டிக்குப் பாலிஷ் போடுகிறவர் வேலையை விட்டுப் போனபோது, அந்த இடத்தைக் கணவருக்குக் கேட்டு அவள் முதலாளியை விடவில்லை. முதலாளி நல்லவர்தான். கோபம் முன்னால் ஓடும், அவர் பின்னால் வருவார். காதைப் பொத்திக்கொண்டு, "சரிம்மா, வரச்சொல்லு. இந்த மாசம் பாக்கலாம். சரிப்பட்டா இருக்கட்டும், இல்லேன்னா வருத்தப்படக் கூடாது" என்றார். கணவரும் வந்தார். ஆனால் பழைய தொழிற்சாலை மேஸ்திரி அடிக்கடி போன் செய்தார். "உன் இடத்துல யாரையும் போடலைப்பா. எப்ப வேணும்னாலும் வா." அந்த போன் அடிக்கும் போதெல்லாம் அவள் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாள். அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை.

ஒரே வீட்டுக்குள் வந்த பிறகும் இரண்டு பேரும் போனில் பேசுவது போலவே பேசினார்கள். அவள் அடுப்படியில், அவர் கூடத்தில். "சாப்டியா?" "ம். நீங்க?" "இனிமேதான்." அப்புறம் அவர் பழக்கதோஷத்தில், "சரி, வெச்சிடறேன்" என்பார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிப் போகும். கையில் இல்லாத போனை எங்கே வைப்பது? அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் அவளுக்குப் பல்வலி வந்தது. கடைவாய்ப் பல். கன்னம் பந்தாக வீங்கி, வாயைத் திறந்தால் உயிர் போனது. அன்று காலை பூச்சு அறையில் சத்தமே இல்லை. காது தன் அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். அவள் கன்னத்தைக் காட்டினாள். அவர் முகத்தில் வருத்தமும் வந்தது, ஒரு சின்ன நிம்மதியும் வந்தது.

வலியோடு வலியாக, ஒரு நாடக மண்டபத்துக்குப் போக வேண்டிய பெரிய ஸ்பீக்கர்களுக்கெல்லாம் துணி விளிம்பில் பூசி அடுக்கிவிட்டாள். மறுநாள் காலை வண்டி ஏற வேண்டியவை அவை. அதற்குள் முதலாளி வந்து கன்னத்தைப் பார்த்து, "முதல்ல போய்ப் பல்லைப் பிடுங்கு. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே வலிக்குது" என்று விரட்டினார். போகிற வழியில் முன்பக்கம் கணவர் பெட்டிகளின் பூச்சு உலரக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மற்ற நாளாக இருந்தால் அவரிடம் ஒரு பிரசங்கமே செய்திருப்பாள். அன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லிடுக்கில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

"உள்ள அடுக்கி வெச்சிருக்கேன். காயாம இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க."

அவள் கேட்டது, ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டினால் நல்லது என்று. அவர் காதில் விழுந்தது, எங்காவது காயாமல் கிடக்கிறதா, இருந்தால் கவனியுங்கள் என்று. வாக்கியம் ஒன்றுதான், அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ரேடியோ ஒருநாள் ஊமையானதற்கு இந்தப் பட்டறை பட்ட பாட்டைப் பாருங்கள்.

அதுவரை முன்பக்கத்தைத் தாண்டி வந்திராத பாலிஷ்காரர் உள்ளே போய் ஒரு விளிம்பைத் தொட்டார். ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. எல்லாமே ஒட்டின. பாலிஷ் போடுகிற மனுஷனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அவர் தொழிலில் ஒட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நாற்காலி ஒட்டினால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது வேட்டி எழுந்திருக்காது. பதறிப்போய் மேஜையைப் பார்த்தார். ‘காயாதது’ என்று எழுதிய டின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், கெட்டுப்போன டின் என்று எழுதி ஒதுக்கி வைத்ததை, வலியில் தெரியாமல் எடுத்துப் பூசிவிட்டாள்! நாளைக்கு வண்டி வந்து நின்றால் யார் பேச்சு வாங்குவது? அவள்தானே?

பெண்டாட்டிக்காக அந்த மனிதர் ஏதாவது செய்து காட்டத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. துணியில் பஞ்சைப் பொதிந்து முடிந்து, ‘காயுறது’ டின்னில் நனைத்து, ஒவ்வொரு விளிம்பின் மேலும் ஒரு தடவல் கொடுத்தார். தூரிகைத் தடம் இல்லை, திட்டு இல்லை. அவர் கைவண்ணம் அப்படி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்றால், இவர் தாழியை உடைத்து அதற்குப் பாலிஷும் போட்டுவிட்டார்.

பிற்பகலில் அவள் வாயில் பஞ்சு உருண்டையைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். உதடு மரத்துக் கிடந்தது. சாயங்காலம் வரை பேசக்கூடாது என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அறை வாசலிலேயே கணவர் நின்றிருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"வந்துட்டியா? கவலையே படாதே. எல்லாம் நல்லா காஞ்சிருச்சு."

அவள் அடுக்கைப் பார்த்தாள். விளிம்பெல்லாம் பளபளத்தது. விரலை வைத்தாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது. கையை ஆட்டினாள், டின்னைக் காட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைப் பல்வலி என்று நினைத்து, "உக்காரு, உக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதற்குள் காது வந்து மேலே இருந்த ஒன்றைச் சோதனை அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப்பக்கம் அடித்தொண்டைச் சத்தம் ஒன்று எழும்ப வேண்டும். எழும்பியது சரசர என்று ஒரு சத்தம். காய்ந்த சருகின்மேல் யாரோ நடந்து போவது போல. இன்னொன்று, அதிலும் சருகு. மூன்றாவதிலும். காது வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கோபம் முன்னாலும் முதலாளி பின்னாலுமாக ஓடி வந்தார்கள்.

"யார் இதைத் தொட்டது?"

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். எப்பேர்ப்பட்ட சிக்கலையும் பேசியே அவிழ்க்கிறவள் அவள்தானே? அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றாள். பல்லு போனா சொல்லு போச்சு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

"நான்தாங்க" என்றார் பாலிஷ்காரர். டின்னில் எழுதியிருந்ததைப் பார்த்தது, கெட்டுப்போனது என்று நினைத்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் பட்டறையே சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான், ஆனால் அவர் காது மடல் சிவந்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. "மாசக் கடைசியில பாக்கலாம்னு சொன்னேன். மாசக் கடைசி வரைக்கும் பட்டறை இருந்தா பாக்கலாம்" என்றார்.

பாலிஷ்காரர் முன்பக்கம் போய்த் தன் தூரிகைகளைத் துணியில் சுருட்டினார். திரும்பி வந்து அவள் எதிரே நின்றார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை அங்கதான். இடமும் காலியாத்தான் இருக்கு. நீ சாயங்காலம் வா, நான் போய்ப் பையை எடுத்து வைக்கிறேன்." அப்புறம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "சரி, வெச்சிடறேன்" என்றார்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. பஞ்சைக் கையில் துப்பினாள்.

"வெஷ்ஷிடாதீங்க!"

பட்டறை திடுக்கிட்டது. எதை வைக்க வேண்டாம் என்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. மரத்த உதட்டோடு அவள் தொடர்ந்து கொட்டியதெல்லாம் அதே குழறலில்தான் வந்தது. உங்கள் சௌகரியத்துக்காகத் திருத்திச் சொல்கிறேன்.

"இத்தனை வருஷமா நீங்க வெச்சிடறேன் வெச்சிடறேன்னு சொன்னப்பல்லாம் நான் சரி சரின்னே சொல்லிட்டேன். எனக்குச் சரியே இல்லை. ஒரு நாள்கூடச் சரியா இல்லை. ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் பேசுறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்லாமத்தான். நீங்க பேசலைன்னாலும் பரவாயில்லை. பெட்டிக்குப் பாலிஷ் போட்டாலும் சரி, சும்மா உக்காந்திருந்தாலும் சரி. எனக்கு நீங்க வீட்டுல இருக்கணும்."

உதட்டோரம் ரத்தம் வழிந்தது. சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. அவர் சுருட்டிய தூரிகைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார். இவள் இப்படி ஒரு வாக்கியத்தை உள்ளே வைத்திருப்பாள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"முதல்ல பஞ்சை வாயில வைம்மா" என்றார் முதலாளி.

"வைக்கிறேன். தப்பு என்னோடதுங்க. காயாம இருக்கான்னு பாருங்கன்னு சொன்னா, பாலிஷ் போடறவருக்கு வேற என்ன தோணும்?"

முதலாளி அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ‘காயாம இருக்கான்னு’ என்று ஒரு தினுசாக இழுத்தார். அப்புறம் இன்னொரு தினுசாக இழுத்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபம் எப்போது போனதென்று அவருக்கே தெரியவில்லை.

பாலிஷ்காரர்தான் மெல்லச் சொன்னார். "மேல இருக்கிறதை எடுத்துடலாங்க. இப்பத்தானே காஞ்சிருக்கு. வார்னிஷைக் கரைக்கிற தின்னரைப் பஞ்சுல தொட்டுத் தொட்டு எடுத்தா, தாளுக்கு ஈரம் இறங்காது."

பொழுது சாயும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர் ஒற்றி ஒற்றி வார்னிஷை எடுத்தார், அதோடு அடிப்பூச்சும் வந்துவிட்டது. துணி வெறுமையானதும் அவள் ‘காயாதது’ டின்னிலிருந்து புதிதாகப் பூசினாள். வாயில் புதுப் பஞ்சு இருந்ததால் எல்லாமே கைஜாடைதான். ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு அவர்தான் பேசினார். தொழிற்சாலையில் தங்கியிருந்த அறை, அங்கே ஒழுகிய கூரை, போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பது, எல்லாம். அவள் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டாள். ரேடியோவுக்கும் ஒருநாள் கேட்கிற யோகம் வாய்த்தது. இரண்டு கோன்களில் மட்டும் தின்னர் இறங்கிக் கறை படிந்துவிட்டது. முதலாளி அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முறை முறைத்தார். அதோடு சரி.

மறுநாள் காலை வண்டி வாசலில் நிற்கும்போது காது ஒவ்வொன்றாகக் கேட்டார். சருகு இல்லை. தரையில் வைத்த காலுக்குள் ஏறும் அடிச்சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கடைசி ஸ்பீக்கரைத் தூக்கும் முன் பாலிஷ்காரர் அதன் விளிம்பில் விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"காயவே இல்லை!"

பட்டறை கைதட்டியது. முதலாளி, "மாசக் கடைசி எதுக்கு? நீங்க இங்கயே இருங்க. பெட்டி உங்க பொறுப்பு. ஆனா பூச்சு ரூமுக்குள்ள தனியாக் கால் வெச்சீங்க, நடக்கிறதே வேற" என்றார்.

வண்டி போன பிறகு பாலிஷ்காரர் ஜன்னலோரம் போய் நின்று மேஸ்திரிக்கு போன் செய்தார். உள்ளே மேஜையருகே அவள் தூரிகையை டின்னில் தோய்த்தபடி, கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நலம் விசாரிப்பு முடிந்தது. அப்புறம் அவர் சொன்னார்: "இல்லைங்க, வரலை. என் இடத்துல வேற ஆளைப் போட்டுக்குங்க. ஆமா, வீட்டுலதான் இருக்கப் போறேன்."

அந்தப்பக்கம் என்னவோ சொன்னார்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"சரி, வெச்சிடறேன்" என்று சொல்லி, போனை வைத்தார்.